கூட்டுக் கொள்வனவும் அமானிதமும்

 

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்றைய உரையின் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பைத் தரலாம். மோட்டார் கார்களின் தோற்றத்தை மாற்றுவதற்காகப் பூட்டப்படும் 'பொடி கிட்' எனும் உறுப்புகளை, எமது இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கின்ற வழக்கத்தைப் பற்றியே பேசவிருக்கின்றோம். இதிலே மார்க்கம் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் பேசும் மார்க்கம், கொடுக்கல் வாங்கலைப் பற்றியும் விரிவாகப் பேசியிருக்கின்றது. அல்குர்ஆனில் மிக நீண்ட வசனமே கடனையும் அதனை எழுதி வைப்பதையும் பற்றியதுதான். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் கையிலே பத்து நண்பர்களின் பணம் வந்து சேருகின்ற வேளை, அவரது வாழ்க்கையின் முதற் பெரும் அமானிதம் அவரிடம் வந்து சேருகின்ற வேளையாகும். அந்த வேளையில் அவருக்கு வழிகாட்ட வேண்டியது எமது கடமையல்லவா?

முதலில் இந்த ஏற்பாடு எப்படி நடைபெறுகின்றது என்பதைப் பெற்றோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். காரின் முன்பக்க பம்பர், அதன் கீழே பொருத்தப்படும் உதடு போன்ற 'லிப்', இரு பக்கங்களிலும் கீழ்ப்புறமாக ஓடும் 'சைட் ஸ்கேர்ட்', பின்பக்க பம்பர், 'ஸ்பொய்லர்' ஆகியவை சேர்ந்ததே ஒரு பொடி கிட். புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனங்கள் செய்யும் அசல் உறுப்புகளின் விலை எமது நாட்டு இளைஞருக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றது. எனவே அதே வடிவத்தில் வேறு தொழிற்சாலைகள் செய்து விற்கும் 'ரெப்ளிகா' எனும் நகல் உறுப்புகளை நாடுகின்றனர். சாதாரண லான்சர் காரை 'எவல்யூஷன்' காரைப் போலக் காட்டுவதற்கும், சாதாரண சிவிக் காரை 'டைப் ஆர்' போலக் காட்டுவதற்கும் இத்தகைய நகல்கள் கிடைக்கின்றன. எமது நாட்டில் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு காலத்தில் புதிய கார் வாங்க இயலாதிருந்த பலர், கையிலிருந்த பழைய காரையே புதுமெருகூட்டிப் பாவிக்கப் பழகிக்கொண்டனர்.

கூட்டாக வாங்குவதற்கு வலுவான காரணமும் உண்டு. பம்பர் என்பது எடை குறைந்த, ஆனால் இடத்தை அடைக்கும் பொருளாகும். 180 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட பெட்டியொன்றிலே அது வருவதாகக் கொள்ளுங்கள். அதன் உண்மையான எடை ஐந்தாறு கிலோவாக இருக்கலாம். ஆயினும் விமானக் கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையே கிலோக் கணக்காக எடுக்கும் வழக்கமுண்டு. அவ்வாறு கணக்கிட்டால் அந்தப் பெட்டி 108 கிலோவாகிவிடும்! ஒருவர் தனியாக ஒரு பம்பரை வரவழைத்தால், பொருளின் விலையை விடக் கூலி கூடிவிடுகின்றது. பத்துப் பேர் சேர்ந்து கப்பலில் வரவழைத்தால் ஐந்தரைக் கனமீற்றர் அளவில் இடம் பிடித்து, கூலியையும் துறைமுகச் செலவுகளையும் பகிர்ந்துகொள்ளலாம். மேலும், பத்துத் தொகுதிகளுக்குக் குறைவாகச் செய்ய விரும்பாத தொழிற்சாலைகளும், பத்து வாங்கினால் விலையைக் குறைத்துத் தரும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. எனவே கூட்டுக் கொள்வனவு அறிவுபூர்வமான ஏற்பாடுதான். எமது தாய்மார் நடத்தும் சீட்டைப் போலவே, நம்பிக்கை இருக்கும் வரை அது பயன் தரும். நம்பிக்கை முறிந்தால் பணத்தோடு உறவும் முறிந்துவிடும்.

அன்பின் இளைஞர்களே! நண்பர்களிடம் பணம் சேர்க்கப் புறப்படுவதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு நீங்கள் தெளிவாக விடையளிக்க வேண்டும். நீங்கள் அவர்களுக்கு வக்கீலா, அல்லது வியாபாரியா? வக்கீல் என்பது இங்கே நீதிமன்ற வழக்கறிஞரைக் குறிக்கவில்லை. ஒருவரின் சார்பாக அவரது காரியத்தைச் செய்து கொடுப்பவரையே பிக்ஹுக் கலையில் வக்கீல் என்பர். நீங்கள் வக்கீலாயின் பொருள் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது, கிடைக்கும் விலைக்கழிவும் அவர்களுடையது. நீங்கள் கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றி நடந்துகொண்டால், நேரும் நட்டத்திற்கு நீங்கள் பொறுப்பல்ல. நீங்கள் வியாபாரியாயின் இலாபம் உங்களுடையது. ஆனால் பொருள் வாங்குபவரின் கையைச் சேரும் வரை, உடைவதும் தாமதிப்பதும் காணாமற் போவதும் உங்கள் தலையிலேயே விழும். இலாபம் வரும்போது வியாபாரியாகவும், நட்டம் வரும்போது வெறும் நண்பனாகவும் மாறிக்கொள்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஊர்களிலே இது தொடர்பாக எழுகின்ற சண்டைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஒரு தெளிவின்மையிலேயே இருக்கின்றது.

ஒரு கணக்கைப் பாருங்கள். விளக்கத்திற்காக மட்டும் சொல்கின்றேன். தனியாக வாங்கினால் ஒரு தொகுதி 220 டொலர்; பத்துத் தொகுதிகள் வாங்கினால் ஒன்று 180 டொலர். வித்தியாசம் நாற்பது, பத்துப் பேருக்கும் நானூறு டொலர். ஏற்பாட்டாளர் 220 என்று சொல்லிப் பணம் சேர்த்துவிட்டு 180 செலுத்தினால், அந்த நானூறு யாருக்குரியது? ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள உர்வா அல்பாரிகீ (ரழி) அவர்களின் சம்பவம் இதற்கு அழகிய விடையாகும். ஓர் ஆடு வாங்கி வருமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனாரைக் கொடுத்தனுப்பினார்கள். அவர் தமது திறமையால் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். வழியில் ஓர் ஆட்டை ஒரு தீனாருக்கு விற்றார். பின்னர் ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் சேர்த்தே கொண்டு வந்து ஒப்படைத்தார். திறமை அவருடையது, ஆயினும் அந்த மேலதிகத் தீனார் தமது பைக்குரியது என்று அவர் கருதவில்லை. நபியவர்கள் அவரது வியாபாரத்தில் பரகத் உண்டாகப் பிரார்த்தித்தார்கள்.

அப்படியாயின் ஏற்பாட்டாளர் தமது உழைப்புக்கு எதுவுமே பெறக்கூடாதா? தாராளமாகப் பெறலாம். மாதக்கணக்கில் தொலைபேசியில் பேசி, வங்கிக்கும் துறைமுகத்துக்கும் அலைந்து, பெட்டிகளை ஏற்றியிறக்குபவரின் உழைப்புக்குப் பெறுமதியுண்டு. அதனைத் தொடக்கத்திலேயே சொல்லி, ஒரு தொகுதிக்கு இவ்வளவு ரூபா எனது கூலி என்று குறிப்பிட்டு, எல்லோரும் ஏற்றுக்கொண்டால் அது ஹலாலான சம்பாத்தியம். மறைத்து எடுப்பதே குற்றம். அதே போன்று, தொழிற்சாலை ஏற்பாட்டாளருக்கு மட்டும் ஒரு தொகுதியை இலவசமாக அனுப்பினால் அதனையும் கூட்டத்தாருக்குச் சொல்ல வேண்டும். ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தமது தாய் தந்தையரின் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பத்துப் பேரின் கட்டளை உங்கள் கையில் இல்லாதிருந்தால் அந்த இலவசத் தொகுதி உங்களுக்கு வந்திருக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பொருளைப் பற்றிய விபரம். இன்னும் செய்யப்படாத பொருளுக்கு முன்கூட்டிப் பணம் கொடுப்பது எல்லா நிலையிலும் தடையானதன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் ஓராண்டு, �ராண்டு கழித்துக் கிடைக்கும் பழங்களுக்கு முன்பணம் கொடுத்து வந்தனர். அதனை அவர்கள் ஒழித்துவிடாமல், அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் எனும் ஒப்பந்தம். எமது நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் செய்வித்து வாங்கும் பொருளும் இந்த ஸலமின் விதிகளுக்குள்ளேயே அடங்கும்; விலை முழுவதும் ஒப்பந்தத்தின்போதே கொடுக்கப்பட வேண்டும். ஹனபி மத்ஹபில் இஸ்திஸ்னா எனும் தனி ஒப்பந்தமாக அது கருதப்படுகின்றது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் எடுத்த தீர்மானத்தில், இஸ்திஸ்னாவில் விலையைப் பிற்படுத்தியோ தவணையாகவோ செலுத்தலாம் என்று கூறியுள்ளது. எனவே தொழிற்சாலை ஒரு பகுதியை முற்பணமாகவும் மீதியைக் கப்பலேற்றும்போதும் கேட்டால் அதற்கு வழியுண்டு. ஆனால் எந்த வழியிலும் பொருளின் வகை, தன்மை, எண்ணிக்கை, தவணை யாவும் தெளிவாக இருக்க வேண்டும்.

பொடி கிட் விடயத்தில் தெளிவு என்பது என்ன? எந்த ஆண்டு, எந்த மாதிரிக் காருக்குரியது என்பது முதலாவது. முகப்பு மாற்றப்பட்ட மாதிரிக்கும் அதற்கு முந்திய மாதிரிக்கும் பம்பர் பொருந்தாது. எதனால் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. ஃபைபர் கிளாஸ் மலிவானது. எமது மீனவர்களின் படகுகளும் அதனாலேயே செய்யப்படுகின்றன. அது விறைப்பானது, அடிபட்டால் வெடிக்கும், ஆயினும் திருத்தலாம். பொலியூரிதேன் வளைந்து கொடுக்கும், விலை கூடியது. ஏபிஎஸ் பிளாஸ்ரிக் அச்சில் வார்க்கப்படுவதால் அளவுகள் ஓரளவு சரியாக அமையும். நகல் ஃபைபர் உறுப்புகளைப் பெரும்பாலும் அசல் ஒன்றின் மீது அச்செடுத்தே செய்கின்றனர். நகலிலிருந்து மீண்டும் அச்செடுத்தால் பிழை மேலும் கூடும். பிசின் இறுகும்போது சுருங்கவும் செய்யும். எனவே துளைகள் விலகும், இடைவெளிகள் ஒத்துவராது. கராஜில் தேய்த்து, நிரப்பி, பிரைமர் அடித்து, வர்ணம் பூசிய பின்னரே அது காரில் ஏறும். இந்தச் செலவு சில வேளை கிட்டின் விலையையும் மிஞ்சிவிடும். அப்படியே பூட்டலாம் என்று சொல்லிப் பணம் சேர்ப்பவர் இதனை மறைத்தவராகின்றார். மேலே உலர்ந்த தானியத்தையும் அடியில் நனைந்த தானியத்தையும் வைத்திருந்த வியாபாரியிடம், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குறையை மேலே வைத்துக் காட்டுங்கள். இயலுமாயின் பத்துப் பேரின் பணத்தையும் அனுப்புவதற்கு முன்னர் ஒரேயொரு தொகுதியை வரவழைத்து, ஒரு காரில் பொருத்திப் பாருங்கள்.

நகல் என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். அசல் நிறுவனத்தின் பெயரையும் இலச்சினையையும் நகலிலே பொறித்து, அசல் என்று விற்பது பொய்யும் மோசடியுமாகும். பிற்காலத்தில் காரை விற்கும்போது, இது அசல் கிட் என்று சொல்லி விலை கூட்டுவதும் அதே குற்றம்தான். வர்த்தகப் பெயரும் வர்த்தகக் குறியும் உரியவருக்குச் சொந்தமான, பாதுகாக்கப்பட வேண்டிய உரிமைகள் என்று மேற்சொன்ன பிக்ஹ் அகடமி 1988ஆம் ஆண்டு குவைத்தில் தீர்மானித்தது. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வர்த்தகக் குறிகளையும் கைத்தொழில் வடிவமைப்புகளையும் பாதுகாக்கின்றது. ஆகவே பிறரது இலச்சினை பொறித்த நகல்களை விட்டும் முற்றாக விலகிக்கொள்ளுங்கள். பொதுவான வடிவம் கொண்டவற்றையோ, தமது சொந்தப் பெயரிலேயே வடிவமைத்து விற்கும் தயாரிப்பாளர்களின் உறுப்புகளையோ தேடுங்கள். அழகை அல்லாஹ் விரும்புகின்றான் என்பதை நாம் அறிவோம். பிறரது பெயரைத் திருடாத அழகையே நாம் விரும்ப வேண்டும்.

நேயர்களே! இனிப் பணக் கணக்குக்கு வருவோம். 2022ஆம் ஆண்டை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதமாகும்போது சுமார் 360 ரூபாவைத் தொட்டது. 1800 டொலர் பெறுமதியான கட்டளையொன்றுக்கு மார்ச் தொடக்கத்தில் ரூபாவில் பணம் சேர்த்தவர் 3,60,000 ரூபா சேர்த்திருப்பார். மே மாதத்தில் அதனைச் செலுத்தப் போனால் 6,48,000 ரூபா தேவைப்பட்டிருக்கும். தலைக்கு 28,800 ரூபா துண்டு விழுகின்றது. அதனை யார் கொடுப்பது? முன்கூட்டிப் பேசியிராவிட்டால், ஏற்பாட்டாளர் நண்பர்களை நெருக்குவார். நண்பர்கள் ஏற்பாட்டாளரைச் சந்தேகிப்பர். எனவே விலையை டொலரிலே சொல்லுங்கள். பணம் அனுப்பப்படும் நாளின் வங்கி விகிதத்திலேயே ரூபாக் கணக்கு முடியும் என்று எழுதுங்கள். விகிதம் கூடினால் மீதியைக் கேளுங்கள். குறைந்தால் மீதியைத் திருப்பிக் கொடுங்கள். கூடும்போது கேட்டுவிட்டுக் குறையும்போது மௌனமாக இருப்பவர், அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவரைப் பற்றி ஸூரத்துல் முதஃப்பிபீனில் வந்திருக்கும் எச்சரிக்கையை நினைவிற்கொள்ள வேண்டும்.

செலவைப் பிரிப்பதிலும் நீதி வேண்டும். ஒருவர் ஸ்பொய்லர் மட்டும் வாங்குகின்றார். மற்றவர் இரண்டு பம்பர்களோடு முழுத் தொகுதியையும் வாங்குகின்றார். கப்பற் கூலியைத் தலைக்குச் சமமாகப் பிரித்தால் முதலாமவருக்கு அநீதியிழைக்கப்படுகின்றது. கூலியைப் பெட்டி அடைக்கும் இடத்தின் அளவுப்படியும், சுங்கத் தீர்வையையும் வரிகளையும் பொருளின் பெறுமதிப்படியும் பிரிப்பதே நேர்மையானது. பொருளின் விலையோடு கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியின் மீதே சுங்கக் கணக்கு தொடங்குகின்றது என்பதையும், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக்கப்பட்டது என்பதையும் கூட்டத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு பெரும் சோதனை இருக்கின்றது. விலைப்பட்டியலில் விலையைக் குறைத்து எழுதுமாறு தொழிற்சாலையைக் கேட்கும் வழக்கம் அது. பத்துப் பேரின் பொருளை, தமது சொந்தப் பாவனைக்கு என்று ஒருவர் சொல்லிக் கொண்டுவருவதும் இதே வகைதான். இது எழுத்திலே சொல்லப்படும் பொய். பொய்யான வெளிப்படுத்தலுக்காகப் பண்டங்களைப் பறிமுதல் செய்ய எமது சுங்கக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. ஒருவரின் தந்திரத்தால் பத்துப் பேரின் பொருளும் போய்விடும். வழியிலே பெட்டி உடைந்து காப்புறுதியில் நட்டஈடு கேட்டாலும், குறைத்து எழுதிய அந்தத் தொகையே குறுக்கே வந்து நிற்கும். பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள். எவருடைய கையிலோ கொடுத்தனுப்பிய பணத்துக்கு ஆதாரம் ஏது?

எழுத்தைப் பற்றி ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கூறுவதைச் சிந்தியுங்கள். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியாக எழுதுமாறும், சிறியதாயினும் பெரியதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் அது பணிக்கின்றது. நண்பர்களுக்கிடையில் எழுத்தெதற்கு என்று சிலர் வெட்கப்படுகின்றனர். எழுதுவதால் நட்புக் கெடுவதில்லை. எழுதாமையினாலேயே கெட்டுப் போகின்றது. ஒரு தாளிலே பின்வருவனவற்றை எழுதி ஒவ்வொருவரும் கையொப்பமிடுங்கள்: பொருளின் முழு விபரம், டொலர் விலை, ஏற்பாட்டாளரின் கூலி, செலவுகளைப் பிரிக்கும் முறை, எதிர்பார்க்கப்படும் தவணை, ஒருவர் இடையில் விலகினால் என்ன செய்வது, பொருள் உடைந்து வந்தால் நட்டத்தை எப்படிப் பகிர்வது, எந்தத் திகதிக்குள் கட்டளை அனுப்பப்படாவிட்டால் பணம் திருப்பிக் கொடுக்கப்படும் என்பன. இடையில் விலகுபவரைப் பற்றிய விதி மிகவும் அவசியம். பத்துப் பேருக்கென்று பேசிய விலை, ஒருவர் விலகியவுடன் ஒன்பது பேருக்குக் கூடிவிடலாம். கட்டளை அனுப்பப்படும் வரை விலகலாம், அதன் பின்னர் தமக்குப் பதிலாக இன்னொருவரைக் கொண்டுவந்தே விலகலாம் என்பது போன்ற நிபந்தனையை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் எவருக்கும் அநீதியில்லை. முஸ்லிம்கள் தாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

சேர்ந்த பணத்தை உங்களது சொந்தப் பணத்தோடு கலந்துவிடாதீர்கள். அனுமதியின்றிக் கலப்பதும், அவசரத்துக்கு எடுத்துப் பின்னர் வைத்துவிடலாம் என்று செலவழிப்பதும் வரம்புமீறலாகும். அந்தக் கணமே நீங்கள் அமானிதக்காரர் என்ற பாதுகாப்பை இழந்து, முழுத் தொகைக்கும் பொறுப்பாளியாகிவிடுகின்றீர்கள். தனியான கணக்கொன்றிலே பணத்தை வையுங்கள். இருவர் கையொப்பமிட்டால்தான் எடுக்கலாம் என்றிருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருங்கள். பெட்டிகள் வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் திறவுங்கள்; திறக்கும்போதே படம் பிடித்துக்கொள்ளுங்கள். நல்லதை உங்களுக்கு ஒதுக்கிவிட்டு, வெடிப்புள்ளதை வராத நண்பனுக்கு வைத்துவிடாதீர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். நபி (ஸல்) அவர்களும் பயணத்தில் தம்மோடு வரும் மனைவியைத் தெரிவுசெய்யச் சீட்டுக் குலுக்கியுள்ளார்கள். இறுதியில் ஒரு நாள் கூடி, சதம் வரை கணக்கு வாசித்து, மீதியைப் பகிர்ந்து விடைபெறுங்கள்.

உங்கள் கூட்டத்தில் சிங்கள, தமிழ் நண்பர்களும் இருப்பார்கள். அவர்களது பணமும் அதே அமானிதம்தான். மக்காவில் தம்மை எதிர்த்தவர்களின் அடைக்கலப் பொருட்களையும் கூட, ஹிஜ்ரத்தின்போது உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரழி) அவர்களை நபியவர்கள் நிறுத்திவிட்டுச் சென்றார்கள். உங்களது ஒரு தவறினால் அந்த நண்பரின் வீட்டார் ஒரு சமூகத்தையே அளந்துவிடுவார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாதையில் செல்பவர்களின் உரிமையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அசல் பம்பரின் உட்புறத்திலே மோதலைத் தாங்கும் உலோகச் சட்டமும், அதிர்வை உறிஞ்சும் நுரைப் பகுதியும் இருக்கின்றன. நகல் பொருந்தவில்லை என்பதற்காக அவற்றை வெட்டியெறிய வேண்டாம்; அவை உங்களது உயிரையும் உங்களோடு வரும் உம்மாவின் உயிரையும் காப்பவை. ரேடியேட்டருக்குக் காற்றுச் செல்லும் வழியை அடைத்துவிட வேண்டாம். கூர்மையான விளிம்புகள் நடந்து செல்லும் பிள்ளையைக் காயப்படுத்தும். சரியாகப் பூட்டப்படாத ஸ்பொய்லர் கழன்று பின்னால் வரும் மோட்டார் சைக்கிளில் விழலாம். பாதையிலிருந்து இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கொண்டவர்கள் நாம். இடையூறைப் பூட்டிக்கொண்டு பாதைக்கு வரலாமா? 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த மேலதிக உறுப்புகளை அகற்றுவதற்குப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தபோது நாடெங்கும் பேச்சாயிற்று. எனவே பணம் சேர்ப்பதற்கு முன்னரே, இந்த மாற்றம் அனுமதிக்கப்பட்டதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி செல்லுபடியாகுமா என்று காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணியமான பெற்றோர்களே! மகன் காரை அலங்கரிக்க விரும்புகின்றான் என்பதற்காகவே அவனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஆர்வத்தினூடாகப் பொறிகளையும் பொருட்களையும் கற்றுத் தொழிலாக்கிக்கொண்டவர்களும் இருக்கின்றனர். ஆனால் கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது, எங்கே இருக்கின்றது, எழுத்து எங்கே, நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்ற நான்கையும் கேளுங்கள். விடை சொல்ல இயலாவிட்டால் அவன் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது பொருள். உம்மாவின் நகையை அடகு வைத்துப் பம்பர் வாங்கும் நிலைக்கு எவரும் போக வேண்டாம். வீட்டிலே மருந்துக்கும் தங்கையின் படிப்புக்கும் பணம் தேவைப்படுகின்றபோது காரின் அழகுக்குச் செலவிடுவது வீண்விரயமாகும். வீண்விரயம் செய்பவரை ஷைத்தானின் சகோதரராக அல்குர்ஆன் எச்சரிக்கின்றது. தேவைகள் நிறைவேறிய பின்னர், கடனின்றி, ஹலாலான உழைப்பில் மிஞ்சியதில் அளவோடு அழகுபடுத்துவதற்கு மார்க்கம் குறுக்கே நிற்கவில்லை.

ஃபைபர் வெடிக்கும், வர்ணம் மங்கும், சில ஆண்டுகளில் அந்தக் காரே வேறொருவருக்குக் கைமாறிவிடும். ஆனால் இவரிடம் பத்துப் பேர் பணம் கொடுத்தார்கள், ஒரு சதமும் பிசகாமல் கணக்குக் கொடுத்தார் என்று ஊரார் சொல்லும் சொல் நிலைத்திருக்கும். நாளை நீங்கள் கடை திறக்கும்போது அந்தச் சொல்லே உங்களது முதலாகும். மறுமையிலோ அதன் பெறுமதியை அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளை அமானிதம் பேணுபவர்களாக ஆக்குவாயாக! எமது கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரகத்தையும் தருவாயாக! பாதையில் செல்வோர் அனைவரையும் விபத்துகளை விட்டும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.